வலை வந்த வழி – 23: சுவரில் செருகும் சர்வர்

ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26ஆம் தேதி மூடப்பட்டதோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். பத்தாண்டுகளுக்கு முன் யாஹூ 350 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய தளம் அது. லட்சக்கணக்கான குடும்பப் பக்கங்கள், ரசிகர் பக்கங்கள், கல்யாணப் படங்கள், பாதியில் நின்ற நாவல்கள் எல்லாம் போயின. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு ராப்பகலாக இறக்கி வைத்தது மட்டும்தான் மிஞ்சியது. தாங்கள் எழுதியது அத்தனையும் வேறொருவர் இடத்தில் இருந்தது என்பது பலருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த நான்கு மாதங்களுக்குள் இதே கவலையை ஒருவர் வேறு கோணத்தில் எடுத்துப் பேசினார். 2010 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை மாலை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இன்டர்நெட் சொசைட்டியின் உள்ளூர்க் கிளை நடத்திய கூட்டம். பேச வந்தவர் எபன் மோக்லன்.

மோக்லன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். இளம் வயதிலேயே நிரல் எழுதிப் பழகியவர். ஐபிஎம்மில் வேலை பார்த்துவிட்டுச் சட்டம் படிக்கப் போனார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி துர்குட் மார்ஷலிடம் உதவியாளராக இருந்தார். பிறகு ரிச்சர்ட் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்குப் பல ஆண்டுகள் வழக்கறிஞர். நிரலும் சட்டமும் ஒருசேரத் தெரிந்த ஆட்கள் அன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் மேடையில் யாரும் பேசாத ஒன்று: சர்வரின் லாக். எந்த சர்வரானாலும் தன்னிடம் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், எங்கிருந்து கேட்டார்கள் என்று ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். எங்காவது பழுது வந்தால் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு வந்தது. ஒரு கல்லூரியின் சர்வரில் அந்தக் கோப்பு இருந்தவரை அதை யாரும் சீண்டவில்லை. ஐம்பது கோடிப் பேரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஃபேஸ்புக்கில் அதே கோப்பு என்ன சொல்லும்? நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவர் பழைய காதலியின் படத்தை ஏழாவது முறையாகத் திறந்ததைச் சொல்லும். அவர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். எழுதவே தேவையில்லை.

கணினிகள் ஒன்றோடொன்று சரிசமமாகப் பேசிக்கொள்ளும் என்று நினைத்துக் கட்டியது இணையம். அதில் சர்வர்கள் மெல்ல மெல்லச் சிலர் கையில் போய்ச் சேர்ந்தன, லாக்குகளும் கூடவே போயின என்பது மோக்லனின் வாதம். இலவச இடமும் கொஞ்சம் நிரலும் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக வாழ்நாள் முழுக்க வேவு பார்க்கிறார்கள், இது என்ன பேரம் என்று கேட்டார். தன் வயதுக்காரர்களில் மனித குலத்துக்கு மிக அதிகத் தீங்கு செய்தவர் மார்க் ஸக்கர்பெர்க்தான் என்று பெயர் சொல்லியே சாடினார். ஸக்கர்பெர்குக்கு அப்போது இருபத்தைந்து வயது.

இதற்கு அவர் சொன்ன மருந்தைப் பார்ப்பதற்கு முன், சர்வர் வீட்டைவிட்டுப் போனது எப்படி என்று பார்த்துவிடலாம். அந்தக் கதை தெரியாமல் மருந்தின் அருமையும் புரியாது, அது ஏன் வேலை செய்யவில்லை என்பதும் புரியாது.

*

1990 டிசம்பரில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஓடிய முதல் வெப் சர்வர், டிம் பெர்னர்ஸ்-லீ மேசைமேல் வைத்து வேலை பார்த்த நெக்ஸ்ட் கணினியேதான். யாராவது தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்கள் என்று, இது சர்வர், அணைக்காதீர்கள் எனச் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார். அவர் எழுதிய பிரவுசரில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், அங்கேயே திருத்தவும் முடியும். எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் வைத்திருக்கிறவரும் ஒரே ஆள், ஒரே மேசை. வலை இப்படித்தான் தொடங்கியது.

சாமானியர்களுக்கும் இதைக் கொடுக்க முயன்றார்கள். 1997இல் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் 8இல் வெப் பக்கங்களைச் சொந்தக் கணினியிலிருந்தே பரிமாறும் வசதியைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு விண்டோஸ் 98 சிடியிலேயே பர்சனல் வெப் சர்வர் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 2002 ஜனவரியில் டேவ் வைனர் வெளியிட்ட ரேடியோ யூசர்லேண்ட் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. 39.95 டாலர் கொடுத்து வாங்கி நிறுவினால் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வர் ஓடும். பிரவுசரில் உங்கள் கணினியின் முகவரியையே தட்டி எழுதலாம். எழுதியதெல்லாம் உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும். வெளியே போவது நகல்தான்.

ஆக, மென்பொருள் இருந்தது. ஆனால் மூன்று கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

முதல் கதவு முகவரி. ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே 430 கோடிக்குச் சற்றுக் குறைவான முகவரிகள்தான். எல்லாருக்கும் காணாது என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் 1994இல் நேட் என்ற ஏற்பாடு வந்தது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகள் ஒளிந்துகொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியைப் போலத்தான் அது. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், போன காரியத்துக்கான பதிலும் அவரைத் தேடி வரும். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து ‘இன்னார் வீடு எது?’ என்று கேட்டால் காவலாளிக்குச் சொல்லத் தெரியாது. சர்வரின் வேலையே முன்பின் தெரியாதவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதானே? நேட்டுக்குப் பின்னால் இருக்கும் கணினியில் சர்வர் ஓடினாலும் வெளியுலகத்துக்கு அது இல்லாததற்குச் சமம். 2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலகக் கையிருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தன. அதன்பின் தெருவுக்கே ஒரு காவலாளி என்ற கணக்கில், இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களே ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரு முகவரிக்குப் பின்னால் அடைத்தன. உங்கள் கைப்பேசிக்கும் பெரும்பாலும் அந்தக் கதிதான்.

இரண்டாவது கதவு வேகம். தொலைபேசிக் கம்பி வழியே வந்த ஏடிஎஸ்எல் இணைப்பின் முதல் தர வரையறையில் இறக்குவதற்கு நொடிக்கு 8 மெகாபிட் வரை இடமிருந்தது, ஏற்றுவதற்கு 1 மெகாபிட் அளவுதான். வீட்டில் இருப்பவர் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருக்கிறார், கொடுக்க மாட்டார் என்று கம்பியிலேயே எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது கதவைச் சாத்தியது ஒரு புழு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

2001 ஜூன் 18ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் வெப் சர்வர் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையை அறிவித்து, அதை அடைப்பதற்கான திருத்தத்தையும் வெளியிட்டது. நிறுவிக்கொள்ளச் சில நிமிட வேலை. சரியாக ஒரு மாதம் போனது. ஜூலை 19ஆம் தேதி கோட் ரெட் என்ற புழு 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கணினிகளில் புகுந்தது. (அதை ஆராய்ந்தவர்கள் அப்போது குடித்துக்கொண்டிருந்த குளிர்பானத்தின் பெயர் அது. வைரஸ்களுக்குப் பெயர் வைப்பதில் இதற்கு மேல் தத்துவம் எதுவும் கிடையாது.) அதற்கு இரையானவர்களில் நிறையப் பேருக்குத் தங்கள் கணினியில் வெப் சர்வர் ஒன்று ஓடுகிறது என்பதே தெரியாது. விண்டோஸ் 2000 நிறுவும்போது அதுவும் சேர்ந்து வந்து உட்கார்ந்திருந்தது. தெரியாத ஒன்றுக்குத் திருத்தம் போடுவது எப்படி? ஆகஸ்டில் கோட் ரெட்டின் அடுத்த அவதாரம் அக்கம்பக்கத்து முகவரிகளை முதலில் தாக்கும்படி வந்தது. கேபிள் இணைப்பு வைத்திருந்த தெருக்கள் தெருக்களாகத் தொற்றியது. அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் சில, வீடுகளுக்குள் வெளியிலிருந்து வரும் 80ஆம் எண் போர்ட்டையே மூடிவிட்டன. அதுதான் வெப் சர்வரின் வாசல். வீட்டில் சர்வர் வைக்கக்கூடாது என்ற விதியும் பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இருந்தது.

அந்த நிறுவனங்களை நாம் திட்டலாம். ஆனால் புழு சொன்ன உண்மை வேறு. சர்வர் வைத்திருப்பது என்றால் ஒரு முறை நிறுவிவிட்டுப் போவது அல்ல. திருத்தம் போட வேண்டும், நகல் எடுத்து வைக்க வேண்டும், டிஸ்க் போனால் மாற்ற வேண்டும், மின்சாரம் போகாமல் பார்க்க வேண்டும். இது தினசரி வேலை, இதற்கு ஓய்வு கிடையாது. இந்த வேலையை ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், காசு வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னபோது ஜனங்கள் ஒப்புக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மோக்லனின் பேச்சுக்கு எட்டு மாதங்களுக்கு முன், 2009 ஜூனில், நார்வேயின் ஓபரா நிறுவனம் இந்தக் கதவுகளைத் திறந்து பார்த்தது. ஓபரா யுனைட் என்ற பெயரில் பிரவுசருக்குள்ளேயே ஒரு வெப் சர்வர். படங்களைப் பகிரலாம், பாட்டுப் போடலாம், நண்பர்கள் வந்து குறிப்பு ஒட்டிவிட்டுப் போக ஃப்ரிட்ஜ் என்று ஒரு பலகைகூட இருந்தது. ஆனால் நேட்டைத் தாண்டுவதற்கு ஒரு வழிதான் கிடைத்தது: வந்து போகிறவர்களையெல்லாம் ஓபரா தன் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பியது. அதாவது உங்கள் வீட்டு சர்வருக்கு வருகிறவர்கள் ஓபராவின் வாசலில் பெயர் சொல்லிவிட்டு வர வேண்டும். லேப்டாப்பை மூடினால் சர்வரும் மூடிக்கொள்ளும். 2012இல் நிறுத்திவிட்டார்கள்.

*

இப்போது மோக்லனின் மருந்துக்கு வருவோம். மார்வெல் நிறுவனம் 2009இல் ஷீவாப்ளக் என்று ஒரு சாதனத்தை 99 டாலருக்கு விற்க ஆரம்பித்திருந்தது. பார்க்கக் கொஞ்சம் பருத்த லேப்டாப் சார்ஜர் மாதிரி இருக்கும். சுவரில் இருக்கும் பிளக்கில் நேரே செருகலாம். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. பக்கவாட்டில் நெட்வொர்க் கம்பிக்கு ஒரு துளை, யுஎஸ்பிக்கு ஒரு துளை. உள்ளே 1.2 கிகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் வகை பிராசஸர், 512 எம்பி நினைவகம், லினக்ஸ். கோட் ரெட் காலத்துச் சிறு நிறுவனங்களின் சர்வர்கள் பலவற்றுக்கு இது சளைத்ததல்ல.

இந்தப் பெட்டிக்குள் கட்டற்ற மென்பொருளை நிரப்பி வீட்டுக்கு வீடு கொடுங்கள் என்றார் மோக்லன். உங்கள் மின்னஞ்சல், படம், பதிவு எல்லாம் அதிலேயே இருக்கும். அதன் நகலைப் பூட்டி நண்பர்களின் பெட்டிகளில் வைக்கலாம், அவர்களால் அதைத் திறக்க முடியாது. உங்கள் பெட்டி உடைந்தால் புதிது வாங்கி, நண்பர்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இதில் வழக்கறிஞர் புத்தி ஒன்றும் இருந்தது. அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் வீட்டுக்குள் இருப்பதைப் பார்க்க போலீஸுக்கு நீதிமன்றத்தின் சோதனை ஆணை வேண்டும். அதையே அவர் ஒரு நிறுவனத்திடம் கொடுத்து வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு இளகிவிடும். வங்கிக் கணக்கு, தொலைபேசி எண்கள் தொடர்பாக 1976இலும் 1979இலும் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள் அப்படி. பெட்டி உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தால் லாக்கும் உங்கள் வீட்டில். வேண்டுமானால் ஆணையோடு வரட்டும். என் பார்வையில் அந்தப் பேச்சின் உயிர் இந்த வாதத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பொறியாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

கூட்டத்தில் நான்கு மாணவர்கள் இருந்தார்கள். டேனியல் கிரிப்பி, மேக்ஸ்வெல் சால்ஸ்பர்க், ரஃபேல் சோஃபர், இல்யா ஷிட்டோமிர்ஸ்கி. அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். யாராவது கட்ட வேண்டும் என்றால் நாமே கட்டினால் என்ன என்று கிளம்பினார்கள். திட்டத்துக்கு டயஸ்போரா என்று பெயர். அவரவர் ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம், அல்லது நம்பிக்கையானவர் வைத்திருக்கும் சர்வரில் சேர்ந்துகொள்ளலாம். அந்த சர்வர்களுக்குப் பாட் என்று பெயர். எந்தப் பாடில் இருந்தாலும் மற்றப் பாட்களில் இருப்பவர்களோடு பேசலாம்.

கோடை விடுமுறையில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் 10,000 டாலர் தேவை என்று ஏப்ரல் 24ஆம் தேதி கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் கேட்டார்கள். 39 நாள் அவகாசம். 12 நாளில் அந்தத் தொகை வந்துவிட்டது. நேரம் அப்படி. ஃபேஸ்புக் அதற்கு முந்தைய டிசம்பரில்தான் அந்தரங்க அமைப்புகளை மாற்றி, பலருடைய விவரங்களைப் பொதுவெளிக்குத் தள்ளியிருந்தது. கோபம் எங்கும் கனன்றுகொண்டிருந்தது. மே மாதம் நியூயார்க் டைம்ஸில் ஜிம் ட்வையர் இந்த நால்வரைப் பற்றி எழுதினார். அதன்பின் பணம் கொட்டியது. கடைசிக் கணக்கு: 6,479 பேரிடமிருந்து 2,00,641 டாலர். கொடுத்தவர்களில் ஒருவர் மார்க் ஸக்கர்பெர்க். நல்ல யோசனை என்று அவர் பாராட்டவும் செய்தார். அதைப் பெருந்தன்மை என்பவரும் உண்டு. இவர்களால் தனக்கு ஆபத்தில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

2010 செப்டம்பர் 15 அன்று நிரலைத் திறந்து காட்டினார்கள். உலகமே உட்கார்ந்து வாசித்தது. சில மணி நேரத்தில் ஓட்டைகள் வெளியே வந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். படங்களை அழிக்கும் பகுதியில், எந்தப் படத்தை அழிக்க வேண்டும் என்று அதன் எண்ணை நிரல் வாங்கிக்கொண்டது. அது யாருடைய படம், கேட்பவர் யார் என்று பார்க்கவில்லை. எண்ணை மாற்றித் தட்டினால் முன்பின் தெரியாதவரின் படமும் போய்விடும். தரவு உங்களுக்கே சொந்தம் என்று கொடி பிடித்துக் கிளம்பிய மென்பொருள், ‘இது யாருக்குச் சொந்தம்?’ என்று கேட்க மறந்துவிட்டது. அரைகுறையாக இருக்கும்போதே திறந்து காட்டுவதுதான் திறமூல மரபு, திருத்துவதற்காகத்தான் காட்டினார்கள், திருத்தியும் விட்டார்கள். ஆனால் இரண்டு லட்சம் டாலர் கொடுத்த ஜனங்களுக்கு மரபு தெரியாது. அவர்கள் ஃபேஸ்புக்குக்குப் பதிலி கேட்டார்கள்.

நவம்பரில் அழைப்பின் பேரில் ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நண்பர்களை வகைவகையாகப் பிரித்து, யார் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் வசதி டயஸ்போராவில் இருந்தது. 2011 ஜூனில் கூகுள் பிளஸ் வந்தபோது கிட்டத்தட்ட அதே வசதி வட்டங்கள் என்ற பெயரில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் இல்யா ஷிட்டோமிர்ஸ்கி இறந்துபோனார். வயது 22. 2012 ஆகஸ்டில் மற்றவர்கள் திட்டத்தைச் சமூகத்திடம் ஒப்படைத்துவிட்டு விலகினார்கள்.

டயஸ்போரா சாகவில்லை, இன்றும் ஓடுகிறது. நடுவே 2014 ஆகஸ்டில் ஒரு சோதனை வந்தது. ட்விட்டரிலிருந்து துரத்தப்பட்ட ஐஎஸ் அமைப்பினர் டயஸ்போராவுக்கு வந்து வீடியோக்களைப் போட ஆரம்பித்தார்கள். நீக்குங்கள் என்று உலகம் கேட்டது. யாரைக் கேட்பது? நடுவில் சுவிட்ச் இல்லாமல் கட்டியதுதானே அதன் பெருமை? திட்டக் குழுவினரால் முடிந்தது, அந்தக் கணக்குகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொரு பாடின் பொறுப்பாளரையும் தனித்தனியாகத் தொடர்புகொண்டதுதான். பெரிய பாட்கள் நீக்கிவிட்டன. பாட் நடத்துகிறவர் என்றால் யார்? பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து, சம்பளமில்லாமல் சர்வரைக் கவனிக்கிறவர். ஒரு நாள் அவர் மேசையில் இது வந்து விழுகிறது.

*

பெட்டி என்ன ஆயிற்று? 2011 ஜனவரி கடைசியில் எகிப்து அரசு நாட்டின் இணையத்தையே துண்டித்தது. மையத்தில் சுவிட்ச் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மோக்லன் தனியாக உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரியில் அந்தப் பெட்டியைக் கட்ட ஃப்ரீடம்பாக்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். 60,000 டாலர் கேட்டு 80,000க்கு மேல் வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிடேல் கார்பி தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றார்.

ஆனால் சுவரில் செருகும் சர்வர் படுத்தியது. ஷீவாப்ளக்குக்கு அடுத்து வந்த குருப்ளக்கின் மேல்வகை சூடு தாங்காமல் தடுமாறியது. சின்ன மின்விசிறி வைத்தார்கள், அது ஓயாமல் இரைந்தது. 2012இல் ராஸ்பெரி பை என்ற மலிவான சிறு கணினி வந்தபின் அந்த வகைப் பெட்டிகளையே ஜனங்கள் மறந்துபோனார்கள். மென்பொருளும் பொறுமையாகத்தான் வளர்ந்தது. கடையில் வாங்கி வீட்டில் வைக்கிற மாதிரி ஃப்ரீடம்பாக்ஸ் பெட்டியை பல்கேரியாவின் ஆலிமெக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 2019 ஏப்ரலில். பேச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள். இதற்கிடையில் தெலங்கானாவில் கட்டற்ற மென்பொருள் இயக்கமான ஸ்வேச்சா, சில கிராமங்களில் வைஃபை தர இதே மென்பொருளைப் பயன்படுத்தியது. மோக்லன் நினைத்தது நியூயார்க் வீட்டுச் சுவரை. அது போய்ச் சேர்ந்தது வேறு சுவரில்.

மற்ற முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூகுளில் இருந்து வெளியே வந்த கென்டன் வார்டா 2014இல் சாண்ட்ஸ்டார்ம் என்று ஒன்றைக் கட்டினார். ஒவ்வொரு ஆவணமும் தனித்தனிச் சிறைக்குள் ஓடும், ஒரு செயலியில் ஓட்டை இருந்தாலும் அடுத்த ஆவணத்தைத் தொட முடியாது. டயஸ்போராவின் அந்தப் படம் அழிக்கும் ஓட்டை இங்கே வந்திருந்தால் சேதம் அந்தச் சிறையோடு நின்றிருக்கும். இந்த வரிசையில் வந்தவற்றுள் பொறியியலில் இதுதான் உச்சம் என்பேன். நிறுவனம் தாங்கவில்லை. 2017இல் குழுவினர் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். டிம் பெர்னர்ஸ்-லீயே எம்ஐடியில் சாலிட் என்ற திட்டத்தைத் தொடங்கி, 2018இல் அதற்காக இன்ரப்ட் என்ற நிறுவனத்தையும் வைத்தார். தரவு ஒருவருடைய சொந்தப் பெட்டகத்தில் இருக்கும், செயலிகள் அவரிடம் அனுமதி வாங்கி வாசிக்கும் என்பது அதன் திட்டம். அதை முனைப்பாக எடுத்துக்கொண்டது பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் அரசு. தனி மனிதர்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

பிழைத்துக் காசும் பார்த்தது ஒன்று உண்டென்றால் அது ஜெர்மானியர் ஃப்ராங்க் கார்லிட்செக் தொடங்கியது. மோக்லன் பேசுவதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே 2010 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு நிரலாளர் கூட்டத்தில் ஓன்கிளவுட் என்ற திட்டத்தை அவர் அறிவித்தார். கோப்புகள், நாள்காட்டி, தொடர்பு எண்கள் எல்லாம் சொந்த சர்வரில். 2016இல் தன் நிறுவனத்தைவிட்டே வெளியேறி, அதே நிரலை எடுத்து நெக்ஸ்ட்கிளவுட் என்று தொடங்கினார். 2018இல் ஜெர்மன் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப மையம் சுமார் 3 லட்சம் ஊழியர்களுக்கு அதைத் தேர்ந்தெடுத்தது.

எது வென்றது என்று கவனியுங்கள். வீட்டுக்கு வீடு பெட்டி என்ற கனவு வெல்லவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் அலுவலகம் வென்றது. அரசுத் துறை, பல்கலைக்கழகம், மருத்துவமனை. அவர்களுக்குத் தரவு எங்கே இருக்கிறது என்ற கேள்வி சட்டக் கேள்வி, அதற்குப் பட்ஜெட்டில் இடம் உண்டு. மோக்லனின் பேச்சில் குறை கண்டுபிடித்தவர்கள் பெட்டியின் விலையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான்: 2001 ஜூன் 18 மாதிரி ஒரு நாள் வந்தால் அன்று மாலை இந்தப் பெட்டிக்குத் திருத்தம் போடுகிறவர் யார்? ஃப்ரீடம்பாக்ஸ் அதற்குப் பதில் வைத்திருக்கிறது, டெபியனிலிருந்து திருத்தங்கள் தாமாகவே வந்து இறங்கிவிடும். பதில் சரியானது. ஆனால் அது முழுமையாக வந்து சேர்ந்தபோது ஜனங்கள் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள்.

சர்வரை வீட்டுக்குக் கொண்டுவர முடியாதவர்கள், வைத்திருப்பவரிடமிருந்து தரவைத் திரும்ப வாங்கும் உரிமையைக் கேட்க ஆரம்பித்தார்கள். கூகுளுக்குள்ளேயே 2007இல் ஒரு சிறு குழு இதற்காக வேலை செய்து, 2011 ஜூனில் டேக்அவுட் வசதியைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 20ஆம் பிரிவு இதை உரிமையாகவே ஆக்கியது: உங்கள் தரவைக் கணினி வாசிக்கும் வடிவில் வாங்கி இன்னொரு நிறுவனத்திடம் கொடுக்கலாம். நம் ஊரிலும் 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இந்த உரிமை ஒரு பிரிவாக இருந்தது. அந்த மசோதா 2022இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை.

(தொடரும்)